எதைக் கொடுத்தாலும் எழுதுவேன்

எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு பாத்தி உண்டு. வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர் வண்டிகளைப் பற்றி மட்டுமே எழுதுவார். வரி எழுதுகிறவர் கனவிலும் வரிதான் காண்பார் என்று கேலி செய்வோம். மருத்துவம் எழுதுகிற அம்மாவுக்கு மாத்திரை என்று பெயர். பதினாறு வருடமாக அவர் வேறு எதையும் தொட்டதில்லை. கம்பெனிகளும் மருத்துவமனைகளும் கேட்கிற கையேடு, துண்டறிக்கை, கட்டுரை எல்லாம் எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதில் யாருடைய பாத்தியிலும் சேராதது என் மேசைக்கு வரும். என்னைப் பல்சரக்கு என்று கூப்பிடுவார்கள்.

ஒரே வாரத்தில் தேனீ, கதவுப் பூட்டு, விவாகரத்து, பல் கூச்சம் என்று நான்கையும் எழுதி முடித்திருக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே கர்வம். ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். காலையில் படிப்பேன், மதியம் எழுதுவேன், சாயங்காலம் மறந்துவிடுவேன். மறக்காவிட்டால் மறுநாளுக்குத் தலையில் இடம் இருக்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

எழுதுவதில் எனக்கு ஒரு பழக்கம். எண்களைத் தொட்டால் நடை தடுமாறும் என்பதால் அட்டவணைகளைக் காலியாக விட்டுவிட்டு எழுதிக்கொண்டே போவேன். மாலையில் கிளம்பும் முன், அன்றைய வேலைகளின் எண்களையெல்லாம் ஒரே தாளில் வரிசையாகக் குறித்துவைத்து, ஒரே மூச்சில் அந்தந்தக் கட்டங்களில் போட்டுவிடுவேன். ஏழு வருடமாக இப்படித்தான். ஒரு தடவைகூட மாறியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பதினொரு மணி இருக்கும். ஒரு பால் பண்ணையின் கால்நடை மருத்துவர் கூப்பிட்டார். கன்றுக்குட்டிகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி அவர்களுக்காக ஒரு துண்டறிக்கை எழுதியிருந்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். படிச்சா மாடே கண்ணீர் விடும். ஆனா நாலு லிட்டர் தண்ணிக்கு அரைத் தேக்கரண்டி உப்புன்னு போட்டிருக்கீங்களே, அது எந்த மூலைக்குங்க? நான் ஒரு மேசைக்கரண்டின்னுல்ல குறிச்சுக் குடுத்தேன்."

"மன்னிச்சுக்கங்க டாக்டர். இன்னிக்கே மாத்திடறேன்" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். தேநீரை எடுத்து வாயில் வைத்தேன். அரைத் தேக்கரண்டி என்பதை எங்கேயோ எழுதினேனே என்று யோசித்தேன். அடுத்த நொடி தேநீர் சட்டையில் கொட்டியது.

அதே நாளில் இன்னொரு வயிற்றுப்போக்கும் எழுதியிருந்தேன். ஒரு மருத்துவமனைக்காக, கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கான கையேடு. அதில் வீட்டிலேயே உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கும் அளவு ஒரு கட்டத்தில் வரும். குழந்தையின் எண் கன்றுக்குட்டியிடம் போயிருக்கிறது என்றால், கன்றுக்குட்டியின் எண் எங்கே போயிருக்கும்?

அலமாரியில் அந்தக் கையேட்டின் பிரதிகள் இருந்தன. பதினான்காம் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். சர்க்கரை, ஆறு தேக்கரண்டி. உப்பு, ஒரு மேசைக்கரண்டி. அழகான நீலக் கட்டத்துக்குள், தடித்த எழுத்தில் இருந்தது.

நான் மாத்திரையின் மேசைக்குப் போனேன். பக்கத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு அரை நாள் படித்தும் பிடிபடாதது அவருக்கு ஒரு பார்வையில் பிடிபட்டது.

"ஆறு மடங்குப்பா இது. யாரு இதைப் பார்த்தா?"

"யாரும் பார்க்கலை."

"நான் ஒரு தடவை பார்த்துத் தரேன்னு சொன்னேனே? வாயத் தொறந்து கேட்டேனே? எல்லாம் எனக்குத் தெரியும்னியே."

சொன்னேன்தான். அந்தக் கையேட்டில் முதல்முறையாக என் பெயர் அச்சாகப் போகிறது; அதில் அவர் விரல் பட வேண்டாம் என்று நினைத்தேன்.

"குழந்தைக்குக் குடுத்தா என்ன ஆகும்?"

"ரத்தத்துல உப்பு ஏறும். வலிப்பு வரும். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதே. எத்தனை பிரதி வெளியில போயிருக்கு?"

பத்துப் பிரதிகள்தான் முன்னதாக வந்திருந்தன. மீதி ஐந்நூறும் அச்சகத்தில் கட்டுக்கட்டாக இருந்தன. திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. மாத்திரை அதற்குள் அச்சகத்தைப் போனில் பிடித்துவிட்டார். "ஒரு கட்டுகூட வாசல் தாண்டக் கூடாது, பூட்டுங்க" என்று அவர் அதட்டியது ஹால் முழுக்கக் கேட்டது. நான் அலமாரியில் எண்ணினேன். ஒன்பது இருந்தன. மறுபடி எண்ணினேன். மறுபடியும் ஒன்பதுதான்.

பத்தாவது என் தங்கையிடம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "பாரு, உங்கண்ணன் பேரு" என்று கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு வந்தேன். அவள் மகனுக்கு எட்டு மாதம். இரண்டு நாளைக்கு முன் போனில் பேசும்போது, "பையனுக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்லை" என்று சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே இரும்புத் துருவைப் பற்றி ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.

தங்கையைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். அவள் கணவனைக் கூப்பிட்டேன். அவன் வேலை செய்யும் கிடங்கில் போனை உள்ளே விடமாட்டார்கள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மூன்றாவது தடவையும் தங்கை எடுக்கவில்லை. "நேர்ல ஓடு. நின்னு அடிச்சுட்டே இருக்காதே" என்று மாத்திரை என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

ஸ்கூட்டரில் இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடம் என் எதிரிக்கும் வரக் கூடாது. பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு நூற்றிருபது வினாடி. அது ஏன் நூற்றிருபது என்று நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற லாரியின் டயர் ஏன் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எதிர்க் கட்டடத்துச் சுவரில் ஏன் உப்புப் பூத்திருக்கிறது என்றுகூட எழுதியிருக்கிறேன். எட்டு மாதக் குழந்தையின் உடம்பு எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பது மட்டும் தெரியாது. படித்தேன், எழுதினேன், அன்று மாலையே மறந்தேன். என் மருமகனைக் கன்றுக்குட்டியாக நினைத்து எழுதிவிட்டேன் என்று தோன்றியபோது ஹெல்மெட்டுக்குள் சத்தமாக அழுதேன். பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்துத் திட்டினான். திட்டட்டும் என்றிருந்தது.

பையன் என் விரலைப் பிடித்தால் விடமாட்டான். மாமன் மூக்கைக் கடிப்பதென்றால் அவனுக்கு உயிர். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். அதை நினைத்ததற்காகவே என்மேல் அருவருப்பு வந்தது. குழந்தை அங்கே எப்படிக் கிடக்கிறதோ, நான் முகத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

இரண்டாம் மாடிக்கு எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. கதவைக் கையால் அடித்தேன். கதவு திறந்தது. தங்கை உதட்டில் விரல் வைத்தபடி நின்றாள்.

"மெதுவா, அண்ணா! இப்பதான் தூங்கினான், போனைக்கூட சத்தமில்லாம வச்சிருக்கேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

நான் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பையன் பாயில் குப்புறக் கிடந்தான். குனிந்து அவன் மூக்கருகில் கன்னத்தை வைத்தேன். சூடாக மூச்சு வந்தது. காலைத் தொட்டதும் சிணுங்கி உதைத்தான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இவனுக்கு உப்பு சர்க்கரைத் தண்ணி கலந்து குடுத்தியா? அந்தப் புத்தகத்தைப் பார்த்து?"

"எந்தப் புத்தகம்? நீ எழுதினதா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர்கிட்ட போயி பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். அதெல்லாம் பார்த்தா குடுப்பாங்க?"

"நான் எழுதினதுன்னு..."

"அதனாலதான் பார்க்கலை. கோச்சுக்காதே. போன வருஷம் மாடித் தோட்டம் எழுதின. உன் வீட்டுல ஒரு செடி உசுரோட இருக்கா? கல்யாண வாழ்க்கையில விட்டுக்கொடுக்கறது எப்படின்னு எழுதின. அண்ணிகிட்ட கேட்டா தெரியும். நீ எழுதினா நல்லாத்தான் இருக்கு. படிப்பேன். அதும்படி செய்யமாட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். அன்று அவள் காலில் விழலாம் போலிருந்தது. கன்றுக்குட்டி, கட்டம், மேசைக்கரண்டி எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, புத்தகத்தைக் கொடு, கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றேன்.

"இங்க இல்லையே. கீழ் வீட்டுத் தையல் அக்கா வாங்கிட்டுப் போனாங்க. தடுப்பூசிப் பட்டியல் பார்க்கணும்னு கேட்டாங்க, குடுத்தேன். ரெண்டு மூணு நாளாச்சு."

"அவங்க வீட்டுல குழந்தை இருக்கா?"

"பத்து மாசத்துல ஒரு பொண்ணு இருக்கு. இவனோடதான் விளையாடும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அண்ணா, அதுக்கும் நேத்துலேருந்து வயித்துப்போக்கு. இவன்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சு போலிருக்குன்னு அவங்க சொன்னாங்க."

படிக்கட்டில் இரண்டு இடத்தில் சறுக்கினேன். கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கவில்லை. அந்தப் படிக்கட்டில் எப்போது ஏறினாலும் கேட்கும் சத்தம் அது.

கதவு திறந்துதான் இருந்தது. சின்ன அறை. சுவரோரம் வெட்டிய துணிகள் அடுக்கடுக்காக இருந்தன. மெஷின்மேல் என் புத்தகம் விரிந்து கிடந்தது. பக்கம் மூடிவிடாமல் இருக்க அதன் குறுக்கே அளவு நாடாவை வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் கால்வாசி குறைந்திருந்தது. அந்த அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு கரண்டியை அதன் வாயருகில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"குடுக்காதீங்க!"

கத்திய சத்தத்தில் கரண்டி கீழே விழுந்தது. குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கண் பாதி மூடியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் ஜாடியை எடுத்து ஒரு வாய் குடித்தேன். கரித்தது. துப்பிவிட்டேன்.

"யாருங்க நீங்க? என்ன ஆச்சு?"

பின்னாலேயே பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தங்கை, "எங்க அண்ணன்தான்க்கா. அந்தத் தண்ணியில உப்பு ரொம்ப அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். டாக்சி கூப்பிட்டுட்டேன்" என்றாள்.

"அதிகமா? இல்லைம்மா, சரியாத்தானே போட்டேன்." அந்த அம்மா புத்தகத்தைக் கையால் துழாவி எடுத்தார். "அளவு தப்பக் கூடாதுன்னு கரண்டியை ஸ்கேலால வழிச்சு எடுத்தேனே. முதல்ல கலந்ததைத் துப்பிடுச்சு. நான்தான் தப்பாப் போட்டுட்டேன் போலிருக்குன்னு கொட்டிட்டு, மறுபடியும் பார்த்துப் பார்த்து அளந்து கலந்தேன்."

துணி வெட்டுகிற கை. நூல் பிசகாது. என் எண்ணை ஒரு துளிகூடக் கூட்டாமல் குறைக்காமல் இரண்டு தடவை அளந்திருக்கிறது.

தங்கை பையனோடு வீட்டிலேயே நின்றுவிட்டாள்; டாக்சியில் நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் தையல் அம்மா குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவை கூப்பிட்டு நிறுத்தும்போதும், அது ஒரு முனகல் கொடுக்கிறதா என்று என் காது காத்திருந்தது. இரண்டு தடவை முனகியது. அப்புறம் நிறுத்திவிட்டது. டிரைவரின் தோளை நான் பிடித்து உலுக்கியதாக ஞாபகம். "சார், பறக்கவா முடியும்?" என்று அவர் கேட்டார். குரலில் அவருக்கும் பயம் இருந்தது.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர். குழந்தையை மேசையில் கிடத்தி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். என்ன குடித்தது, எவ்வளவு, எத்தனை மணியிலிருந்து? தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு? நான் முந்திக்கொண்டு எல்லா எண்களையும் சொன்னேன். அவர் கை நின்றது.

"ஒரு லிட்டருக்கு மேசைக்கரண்டி உப்பா? யாரு உங்களை இப்படிக் கலக்கச் சொன்னது?"

"நான்தான் டாக்டர்" என்றார் தையல் அம்மா. அழுகையில் குரல் உடைந்திருந்தது. "புத்தகத்தைப் பார்த்துதான் செஞ்சேன். நான் அவ்வளவா படிக்கலைங்க. தப்பாப் படிச்சுட்டேன் போலிருக்கு."

புத்தகம் தையல் அம்மாவின் அறையிலேயே கிடந்தது. அச்சகத்தில் ஐந்நூறும் பூட்டிக் கிடந்தன. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். போலீஸ், வேலை, பேர், எல்லாம் ஒரே நொடியில் வந்துபோயின. குழந்தைக்காகப் பயந்ததைப் போலவே எனக்காகவும் பயந்தேன்.

அந்த அம்மா தன் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை.

"அவங்க சரியாத்தான் படிச்சாங்க டாக்டர்" என்றேன். "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. எழுதினது நான். மாட்டுக்கு உள்ள அளவை மாத்திப் போட்டுட்டேன்."

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. நர்ஸிடம் ரத்தம் எடுக்கச் சொன்னார். எங்களை வெளியே போகச் சொன்னார். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கதவு மூடியது.

வெளியே நீள பெஞ்சு. அவர் ஒரு முனையில், நான் மறு முனையில். மாத்திரை கூப்பிட்டார். இருக்கும் இடத்தைச் சொன்னேன். "டாக்டருங்க மெதுவாத்தான் சரி பண்ணுவாங்க. ஏறின உப்பை வேகமா இறக்கினாலும் ஆபத்து. நேரமாகுதேன்னு பயப்படாதே" என்றார். அதனால் எனக்கு இன்னொரு பயம் சேர்ந்ததுதான் மிச்சம். கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. ஒரு குழந்தை இருக்கும் அறையில் சத்தமே இல்லாமல் இருப்பது எவ்வளவு கொடுமை என்று எந்தக் கட்டுரையிலும் நான் எழுதியதில்லை. ஒரு மணி நேரம் ஆனது. ஒரு நர்ஸ் ஓட்டமாக உள்ளே போனாள். அந்த அம்மா எழுந்து நின்றார், நானும் நின்றேன். அவள் ஓட்டமாகவே வெளியே வந்து போனாள். இருவரும் மறுபடி உட்கார்ந்தோம். கடவுளே, அந்தக் குழந்தையைக் கொடுத்துவிடு, இனி பேனாவையே தொடமாட்டேன் என்று மனதுக்குள் பேரம் பேசினேன். யாருக்கு வேண்டும் என் பேனா?

இரண்டரை மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. முனகல் இல்லை, வீறிட்ட அழுகை. ஊசி குத்திய கோபத்தில் ஊரைக் கூட்டுகிற அழுகை. அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் வெளியே வந்தார். "பொழைச்சுக்கும்மா. ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். நிறையத் துப்பியிருக்கா, அதனால உள்ள போனது கம்மி. அதுதான் காப்பாத்தியிருக்கு" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க போயிடாதீங்க. எழுதிக் குடுக்க வேண்டியது இருக்கு" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். அந்த அம்மா எழுந்து கதவுவரை போனவர், திரும்பி என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லைங்க."

"மாட்டு டாக்டருங்களா?"

"இல்லைங்க."

"பின்ன எதுக்குங்க எழுதினீங்க?"

"எழுதச் சொன்னாங்க" என்றேன். எனக்கே காது கூசியது.

அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருக்கும் என்று தேடினேன். பயம்தான் இருந்தது, டாக்சியில் இருந்த அதே பயம்.

"மூணு தடவை துப்புச்சுங்க" என்றார். "நானும் ஒரு வாய் வச்சுப் பார்த்தேன், கரிச்சுது. வேணாம் வேணாம்னு தலையை ஆட்டுச்சு. நான் தாடையைப் புடிச்சு ஊத்தினேன். எம் பொண்ணு சொன்னதை நான் நம்பலை. உங்களை நம்பினேன்."